ராஹேலா கோத்த பாதி

கடைசிச் சங்கையும் ஏற்றிவிட்டு இரண்டு நூல்களையும் சேர்த்துப் பிடித்து இழுத்தபோது ஏனோகாவின் கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியது. பிடியை விடவில்லை. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்றதை, மாலையின் இரு முனைகளையும் சேர்க்கும் சோழியின் துளைக்குள் விட்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை. வாயால் ஊதினார். பிறகு மாலையை இரண்டு கைகளாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஆயிரத்தறுநூறு சங்கு இருக்கும். ஒவ்வொன்றும் கடுகுக்குப் பெரியது, மிளகுக்குச் சிறியது. பாதி அவர் மனைவி ராஹேலா கோத்தது. பாதி அவர் கோத்தது. அவள் கை எங்கே நின்றது, தன் கை எங்கே தொடங்கியது என்று தேடினார். மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. கோழிகள் சிதறி ஓடின.

"மச்சான்! உன் மகளைக் கொண்டாந்து சேத்துட்டேன்" என்று லொய்கா காருக்குள் இருந்தே கத்தினாள். "விமான நிலையத்துலேருந்து இங்க வர்ற வரைக்கும் ஒரே தூக்கம். ரோட்டைப் பாத்து நான் ஒருத்தியே பேசிட்டு வந்தேன்."

"நீ பேசினா யாருக்கும் தூக்கம் வரும்" என்றார் ஏனோகா.

"கேட்டியா மிலியாமா? ஒரு வருஷமா சோறு ஆக்கிக் கொண்டாந்து போடுறேன். அதுக்குக் கூலி இது."

லொய்கா ராஹேலாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. மிலியாமா ஏனோகாவின் ஒரே மகள். லாஸ் வேகாஸில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நினைவு ஆராதனை. அதற்காக வந்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டும்.

மாலையை அவர் ஒரு துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். நாளைக் காலையில்தான் காட்டுவது என்று முன்பே தீர்மானித்திருந்தார்.

ஏனோகா பிறந்தது கடலுக்கு அப்பால் நீஹாவு தீவில். இப்போது வீடு இருக்கும் கெகாஹாவின் கடற்கரையில் நின்றால் மேற்கே அந்தத் தீவு தாழ்வாகக் கிடப்பது தெரியும். பத்தொன்பது வயதில் சர்க்கரை ஆலையின் கரும்பு வயல்களுக்கு நீர் பாய்ச்சும் வேலைக்கு இந்தக் கரைக்கு வந்தார். வேலையில் முப்பத்தெட்டு வருஷம். குளிர்காலத்தில் அலை பெருத்துத் தீவின் கரையில் சங்கு ஒதுங்கத் தொடங்கியதும் விடுப்பு எடுத்துக்கொண்டு ராஹேலாவுடன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார். விடிந்ததும் மணலில் குப்புறப் படுத்து, மூக்கு தரையில் உரச, கஹெலெலானி என்னும் பொடிச் சங்குகளைப் பொறுக்குவார்கள். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினால் உள்ளங்கையளவு தேறும்.

பொறுக்குவதில் ஏனோகாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓட்டை விழாத, வாய் உடையாத, மினுமினுப்புப் போகாத சங்கு எது என்று விரலே சொல்லிவிடும். குத்தூசியால் துளை போடுவதிலும் அப்படித்தான். மற்றவர்கள் நாலு குத்தினால் ஒன்று உடையும். அவர் கையில் பத்துக்கு ஒன்று. ஆனால் பொறுக்கியதைத் தரம் பிரிக்க மட்டும் அவர் உட்கார்ந்ததே இல்லை. தட்டை மனைவியிடம் நகர்த்திவிட்டு வெளியே போய்விடுவார். ஆம்பிளைக்கு அவ்வளவு பொறுமை ஏது என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைக்கட்டும் என்று ராஹேலாவும் விட்டுவிட்டாள்.

அவருக்குச் சிவப்பு தெரியாது.

வெள்ளை தெரியும், கறுப்பு தெரியும், மஞ்சள், நீலம் தெரியும். சிவப்பும் பழுப்பும் இலைப் பச்சையும் ஒரே நிறமாகத் தெரியும். ஊரில் முதன்முதலில் போட்ட போக்குவரத்து விளக்கில், மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று ராஹேலா சொல்லிக்கொடுத்தாள். மாம்பழத்தை அவர் மோந்து பார்த்துத்தான் பறிப்பார். இதெல்லாம் சமாளித்துவிடலாம். கஹெலெலானி விஷயம் அப்படியில்லை. நூறு சங்கில் ஒன்றுதான் ஆழ்ந்த சிவப்பு. மற்றதெல்லாம் பழுப்பு, வெளிர். அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை பேரும் மணலில் படுத்துக் கிடக்கிறார்கள். நீஹாவுவில் பிறந்துவிட்டு அந்த ஒன்று எது என்று தெரியாதவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பதினோரு வயதில் அவர் ஒரு புகையிலைப் பை நிறையச் சிவப்பு பொறுக்கிவிட்டதாகச் சொல்லிப் பெண்களின் நடுவே கொட்டியிருக்கிறார். அத்தனையும் பழுப்பு. சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. சேறு பொறுக்கி என்று பேர் வந்தது. விளையாட்டுக்குச் செய்தேன் என்று சாதித்துவிட்டார். அதன்பிறகு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான மூன்றாவது மாதம் ராஹேலா, "கொடியில இருக்கற என் சிவப்புப் பாவாடையை எடு" என்றாள். அவர் பச்சையை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அதை வாங்கி உடுத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, கதவைச் சாத்திவிட்டு, "எத்தனை நாளா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. காப்பிப் பொடிக் குப்பியில் சிவப்பு. மயோனைஸ் குப்பியில் பழுப்பு. குத்தூசியுடன் அவர் உட்காரும்போது குப்பியைப் பார்த்து எடுத்தால் போதும். நாற்பது வருஷம் அப்படியே ஓடியது.

வயிற்றுக் கட்டி என்று தெரிந்தபிறகு ராஹேலா படுக்கையில் சாய்ந்தபடியே மகளுக்கு ஒரு மாலை தொடங்கினாள். முழுக்க ஆழ்ந்த சிவப்பு. "அவ கல்யாணத்துக்குன்னு சேத்தது. கல்யாணம் பண்ணிக்கிறாளோ இல்லையோ, மாலையாவது முடியட்டும்" என்றாள். இரண்டு நூலைப் பின்னிப் பின்னிச் சங்குகளை நெருக்கிப் பிடிக்கிற கோப்பு அது. அவள் எண்ணித் தந்ததை அவர் துளை போட்டுத் தர, அவள் கோத்தாள். பாதி வந்ததும் விரல் சொன்னபடி கேட்கவில்லை. நூலைச் சுற்றி ஒரு தட்டில் வைத்தாள். "சிவப்பு போதுமான அளவு இருக்கு. கவலைப்படாத" என்றாள். யார் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து மிலியாமா ஒரு வாரம் தங்கினாள். முந்தின வருஷப் புயலில் கூரை பிய்ந்து, அலமாரிக்குள் மழை இறங்கிக் குப்பி மூடியெல்லாம் துருவேறிக் கிடந்தது. ஏனோகா சந்தைக்குப் போயிருந்தபோது அவள் வீட்டைச் சுத்தம் செய்தாள்.

"பழைய குப்பியெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன் அப்பா. பாருங்க, எல்லாத்தையும் ஒரே மாதிரி டப்பாவுல போட்டு அடுக்கிட்டேன். இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு."

ஒன்பது பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒரே அளவு. ஒரே மூடி.

"எதுல எதுன்னு எழுதி வச்சியா?"

"எழுதணுமா என்ன? பாத்தாலே தெரியுதே."

"ஆமா" என்றார். "தெரியுது."

அவள் போனபிறகு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு டப்பாக்கள் சிக்கலில்லை. வெள்ளை, மஞ்சள், நீள அரிசிச் சங்கு, பெரிய சோழி. இரண்டு டப்பாக்கள் மட்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று மூடி வரை நிறைந்திருந்தது. மற்றதில் கால்வாசிக்கும் குறைவு. ராஹேலாவின் பாதி மாலையைக் கொண்டுவந்து இரண்டிலும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் பொருந்தியது.

லொய்காவைக் கூப்பிட்டால் ஒரு நொடி வேலை. கூப்பிடவில்லை. யோசித்தார். சிவப்பு கிடைப்பது அரிது, பழுப்பு மலிவு. அப்படியானால் குறைவாக இருப்பதுதான் சிவப்பு. போதுமான அளவு இருக்கு என்றாளே, அளவாகத்தான் இருக்கிறது. கால்வாசி டப்பாவை எடுத்துக்கொண்டார்.

நூலைத் தொட மனசு வர ஏழு மாதம் ஆயிற்று. பிறகு ஐந்து மாதம். காலையில் காப்பி குடித்ததும் உட்காருவார். நூல்நுனியைப் பசையில் தோய்த்துக் காயவைத்தால் அதுவே ஊசி. அவள் கோக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவைதான் எல்லாம். முதல் மாதம் கோத்ததைவிட உடைத்தது அதிகம். லொய்கா சோற்றுப் பாத்திரத்துடன் வரும்போதெல்லாம் மாலையைத் துண்டால் மூடிவிடுவார்.

"என்ன மச்சான், மறைக்கிறே? பொம்பளைப் படமா?"

"உனக்கு வேற நெனப்பே வராதா?"

"அக்கா விட்டுட்டுப் போனதை நீ கோக்கறேன்னு ஊருக்கே தெரியும். குடு, நான் முடிச்சுத் தர்றேன். உன் விரலு ஒவ்வொண்ணும் வாழைப்பழம் மாதிரி இருக்கு."

"நான் முடிக்கறேன்."

"முடி, முடி. மிலியாமா பேத்தி எடுக்கறதுக்குள்ள முடிச்சுடு."

ஞாயிற்றுக்கிழமை காலை மிலியாமா வெள்ளை நீளக் கவுன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஏனோகா பின்னால் வந்தார். மாலையை அவள் தலைக்கு மேலாகப் போட்டு, தோளில் சரியாக உட்கார வைத்து, கன்னத்தில் முத்தமிட்டார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றாள்.

"அப்பா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கனமே இல்ல."

"சங்கு அப்படித்தான்" என்றார். "உங்கம்மா தொடங்கினது. நான் முடிச்சேன்."

மிலியாமா திரும்பி அவரைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்துக்கு அதிக நேரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

லொய்கா காருடன் வந்தாள். மிலியாமாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தேவாலயம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தது ஏனோகாவுக்கு உறைத்திருக்க வேண்டும். அக்காவை நினைத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தார்.

ஆராதனை முடிந்து வெளியே மர நிழலில் பெண்கள் மிலியாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏனோகா ஓர் எட்டு தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நூல் நல்லா இறுக்கமா இருக்கு" என்றாள் ஒருத்தி.

"ஒரு துளைகூட விரியல பாரேன்."

"சோழி ரொம்பப் பொருத்தம். இது நம்ம வடக்குக் கரைச் சோழிதானே?"

"ஏனோகா கையில இவ்வளவு நுணுக்கமா! ராஹேலா பாத்திருந்தா ஆச்சரியப்பட்டிருப்பா."

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஏனோகா காத்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் ராஹேலாவின் மாலைகளைப் பெண்கள் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். என்ன நிறம்! நூல், துளை, சோழி எல்லாம் பிறகு. இன்று யாரும் அதைச் சொல்லவில்லை. ஒருத்தியாவது சொல்லிவிடுவாள் என்று கடைசிக் கார் கிளம்பும் வரை நின்றார்.

மதியம் வீட்டுக்கு நாலைந்து பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சோறு, சுட்ட கருவாடு, சேப்பங்கிழங்குக் கூழ், யாரோ கொண்டுவந்த மாட்டிறைச்சிக் குழம்பு. மிலியாமா மாலையைக் கழற்றவில்லை. போட்டுவிட்டவர் இருக்கும்போது கழற்றுவது வழக்கமில்லை. குனிந்து பரிமாறும்போது ஒரு கையால் அதை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

வந்தவர்கள் போனதும் லொய்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத."

"நீ கேக்காம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"குடிச்சுட்டுக் கோத்தியா?"

"என்ன?"

"சித்தி, வேணாம்" என்றாள் மிலியாமா.

"நீ சும்மா இரு. காலையிலேருந்து நாக்கைக் கடிச்சுட்டு இருக்கேன், இனி ஆகாது. மச்சான், இது என்ன வேலை? ஒரு பக்கம் ரத்தமாட்டம் இருக்கு. மறுபக்கம் காஞ்ச சாணி. கத்தியால வெட்டுன மாதிரி நடுவுல நிக்குது. பத்து பெஞ்சுக்குப் பின்னால உக்காந்திருந்தேன், அங்கேருந்து தெரியுது. அக்கா உயிரை விட்டுக் கோத்த மாலைல இப்படியா பழுப்பைக் கொண்டுபோய்ச் சேப்பாங்க? செவப்பு தீந்துபோச்சுன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே! குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

ஏனோகா மகளைப் பார்த்தார்.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன் அப்பா."

"எப்ப?"

"காலையில. கண்ணாடியில."

"சொல்லலையே."

"நீங்க போட்டுவிட்டீங்களே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் ஈ ஒன்று குழம்புப் பாத்திரத்தின் விளிம்பில் நடந்தது. அதைக் கையால் விரட்டினார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"என்ன தெரியாது?" என்றாள் லொய்கா.

"செவப்பு."

லொய்கா சிரித்துவிட்டாள். "போ மச்சான், விளையாடாத." அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இது என்ன நெறம்?"

"நீ சொன்னாத்தான் தெரியும்."

"அப்ப அந்தத் துண்டு?"

"சித்தி, போதும்."

"இரு. அப்ப நாப்பது வருஷமா..."

"உங்கக்கா சொல்லுவா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும்தான்."

லொய்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். "ஒரே பாயில படுத்து வளந்தோம். அவ மாசமானதைக்கூட உனக்கு முந்தி என்கிட்டத்தான் சொன்னா. இதை மட்டும் சொல்லலையே." அவள் கண் நிறைந்தது. அவளுக்கு இப்போது மாலை மறந்துபோய்விட்டது.

மிலியாமா எழுந்து அலமாரியைத் திறந்தாள். டப்பாக்கள் அவள் அடுக்கி வைத்தபடியே இருந்தன.

"இதுல எதுலேருந்து எடுத்தீங்க?"

அவர் காட்டினார். அதன் அடியில் ஐந்தாறு சங்கு மட்டும் கிடந்தது. அவள் அதை வைத்துவிட்டு நிறைந்த டப்பாவை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தாள்.

"இதுதான் அப்பா செவப்பு."

"இவ்வளவா?"

"இவ்வளவும்."

நீஹாவுக் கரையில் ஒரு குளிர்காலத்துக்கு நூறு சிவப்பு தேறினால் பெரிது. ஏனோகா டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறினார். இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம். விற்ற மாலைகளில் பழுப்பையும் வெளிரையும் கலந்து, மீந்த சிவப்பை வேறு குப்பியில் ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அவர்தான் ஒவ்வொன்றையும் பொறுக்கிக் கொடுத்தார். எது எங்கே போயிற்று என்று கேட்டதில்லை.

"குப்பியை நான்தானே தூக்கிப் போட்டேன்" என்றாள் மிலியாமா.

"துருப்பிடிச்சிருந்துச்சு. போட வேண்டியதுதான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

லொய்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாலையைக் கிட்டத்தில் பார்த்துச் சேதம் பார்க்கிறவள்போல விரலால் தடவினாள். "உருவ வராது. மச்சான் பேய் மாதிரி இறுக்கி வச்சிருக்காரு. இழுத்தா நூல் அறுந்துரும். நடுவுல வெட்டுனா அக்கா பின்னுனது தளந்து போகும். சங்கைத்தான் உடைக்கணும். நூல்ல கீறல் படாம, ஒவ்வொண்ணா. நூல் தப்பிச்சா அதே நூல்ல நான் மேல கோத்துருவேன்."

"வேணாம்" என்றாள் மிலியாமா. "அப்படியே இருக்கட்டும். நான் இப்படியே போட்டுக்கறேன்."

"எங்க போட்டுக்குவே?" என்றார் ஏனோகா.

அவள் சோழியை விரலால் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க போட்டுக்குவே, சொல்லு. பாக்கறவ ஒவ்வொருத்தியும் நூலைத்தான் புகழுவா."

எழுந்து அவள் முன்னால் போய் நின்றார். அவள் தலையைக் குனிந்தாள். காலையில் போட்ட மாதிரியே இரண்டு கைகளாலும் மாலையைத் தூக்கி எடுத்தார். முடியில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டது. அதை விடுவித்தார். கருவிப் பெட்டியிலிருந்து சின்னக் குறட்டைக் கொண்டுவந்தார். மேசையைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்தார்.

"நான் செய்யறேன் மச்சான்" என்றாள் லொய்கா.

"நான் கோத்தது. நானே உடைக்கறேன்." மகளிடம் திரும்பினார். "எங்க ஆரம்பிக்குது, காட்டு."

மிலியாமா அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து மாலையின் மேல் ஓர் இடத்தில் வைத்தாள். "இங்க. இதுக்கு இந்தப் பக்கம் உங்களோடது."

அவர் விரலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

சோழியின் பக்கத்திலிருந்து தொடங்கினார். குறட்டின் நுனியில் சங்கைப் பிடித்து மெல்ல அழுத்தினால் சின்னதாக ஒரு சத்தம். பொடி தாளில் விழும். நூல் ஒரு மயிரிழை வெளியே வரும். அடுத்தது. எண்ணூறு சங்கு. ஐந்து மாதம் காலைக் காப்பி முதல் மதியச் சோறு வரை ஏற்றியது, சாயங்காலத்துக்குள் இறங்கியது. ஒருமுறை லொய்கா, "துளை எவ்வளவு சுத்தமா போட்டிருக்கே" என்றாள். அவர் அடுத்த சங்கைக் குறட்டில் பிடித்தார்.

எல்லை நெருங்க நெருங்க மிலியாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் இருக்கு. இன்னும் ஒரு விரக்கடை" என்பாள். நாலரை மணிக்கு அடுப்பில் வைத்த காப்பி பொங்கியது. "சித்தி, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். லொய்கா அவள் இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சுவரில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்தாள்.

"பாரேன், எப்படிச் சிரிச்சுட்டு இருக்கா. கள்ளி. எவ்வளவு கமுக்கமா இருந்திருக்கா. என் கல்யாணத்தப்ப நீ கொண்டாந்த துணியைப் பாத்து நான்கூட..."

ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

"ஐயோ, மச்சான்! நிறுத்து!"

அவர் கை நின்றது.

"அது அக்காவோடது" என்றாள் லொய்கா.

மிலியாமா காப்பிப் பாத்திரத்துடன் கதவருகில் நின்றாள்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"மூணு. மூணுதான் மச்சான். விடு. அந்த டப்பாவுலேருந்து மூணு போட்டா யாருக்குத் தெரியப்போகுது. என் தப்பு. நான்தான் வாயை வச்சுட்டுச் சும்மா இருக்காம..."

அவர் குறட்டைக் கீழே வைத்தார். விரல்கள் மடங்கியபடியே நின்றன. மற்றக் கையால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

மிலியாமா பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து தாளின் மேல் குனிந்தாள். பொடியைச் சுண்டுவிரலால் விலக்கி விலக்கி ஒவ்வொரு துணுக்காக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தாள். ஏழெட்டுத் துணுக்கு. எடுக்கும்போது அவள் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. ஏனோகா அவள் விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தாளில் கிடந்தது முழுக்க ஒரே பொடி.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழு மணிக்கு மகளை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். வழியில் பெட்ரோல் போட்டார். பத்து மணிக்கு விமானம். ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன் என்றாள். விடுப்பு கிடைத்தால் வா என்றார். திரும்பி வந்தபோது லொய்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பாதி மாலையையும் நிறைந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். மற்ற டப்பாக்கள் உனக்கு எதற்கு என்று கேட்டாள். அவர் அவற்றையும் லொய்காவின் காரில் கொண்டுபோய் வைத்தார். மூன்று மாதத்தில் முடித்து மிலியாமாவுக்குத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். மதியம் மீதிச் சோற்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார். பின்பக்கம் புல் வெட்டினார். ஏழு மணிக்கு மிலியாமா ஃபோன் செய்தாள், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று. அங்கே குளிரா என்று கேட்டார். குளிர்தான் என்றாள். சரி என்று வைத்துவிட்டார்.